சருகில் முளைத்த செங்குடை

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்தை ஒட்டிய மரக்கூட்டத்தில், மழை விட்டதும் சருகின் மேல் செந்நிறக் குட்டிக் காளான்கள் முளைக்கின்றன. காம்பு கறுப்பு. என்ன வகை?

பதில்: மராஸ்மியஸ் பேரினமாக இருக்க வாய்ப்பு அதிகம். அழகான காளான்! காம்பு குதிரைமுடி போல மெலிந்து விறைப்பாக இருக்கிறதா, குடையின் அடியில் உள்ள தகடுகள் இடைவெளிவிட்டு அமைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். காய்ந்து சுருங்கிய ஒன்றைத் தண்ணீரில் போடுங்கள். மறுபடி விரிந்தால் மராஸ்மியஸ்தான் என்று பெரும்பாலும் நம்பலாம். தோற்றத்தில் குழப்பும் மைசீனா அப்படி மீளாது. குடையைக் கறுப்புத் தாளில் கவிழ்த்து, டம்ளரால் மூடி, இரவு முழுக்க விட்டால் வித்துத்தூள் வெள்ளையாகப் படியும். இன்ன சிற்றினம் என்று சொல்ல நுண்ணோக்கி வேண்டும். படம் எடுக்கும்போது அடிப்பக்கத்தையும், காம்பு பற்றியிருக்கும் இலையையும் சேர்த்து எடுங்கள். வாயில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.