பனாமா: ஏரியின் நீர்மட்டமும் வல்லரசுகளின் கணக்கும்

அன்புள்ள கயல்விழிக்கு,

வட, தென் அமெரிக்காக்களை இணைக்கும் ஒடுங்கிய நிலப்பகுதியான பனாமாவைப் பற்றி நாளிதழ்கள் எழுதும்போது, அங்குள்ள கால்வாய் யார் பிடியில் இருக்க வேண்டும், அதன் துறைமுகங்களில் சீனாவின் செல்வாக்கு எவ்வளவு என்பனவே பெரிதும் பேசப்படுகின்றன. ஆனால் அக்கால்வாயில் ஒரு நாளில் எத்தனை கப்பல்கள் செல்லலாம் என்பது வல்லரசுகளின் விருப்பத்துக்கு முன்பாகப் பசிபிக் கடலின் வெப்பநிலையைச் சார்ந்தது என்பதை விளக்குவதே இக்கடிதத்தின் நோக்கம்.

நிலநடுக்கோட்டை ஒட்டிய பசிபிக்கில் கிழக்கிலிருந்து மேற்காக வீசும் காற்று வியாபாரக் காற்று எனப்படும். அது மேற்பரப்பு நீரைத் தள்ளும்போது, புவியின் சுழற்சி காரணமாக அந்நீர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே வலப்புறமாகவும் தெற்கே இடப்புறமாகவும் விலகிச் செல்ல, இடையில் உண்டாகும் குறையை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. இதற்கு ஆழ்நீர் மேலெழுச்சி என்று பெயர். பெரு நாட்டின் கரையோரத்திலும் காற்றினால் இவ்வாறே மேலெழும் நீர் சத்துப்பொருள்களைச் சுமந்து வருவதால், அவற்றை உண்டு நுண்ணுயிர்களும், அவற்றை உண்டு நெத்திலி இனமும் பெருகுகின்றன. இரண்டு முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை இக்காற்று தளரும்போது, மேற்கே குவிந்திருந்த வெந்நீர் கிழக்கு நோக்கிப் பரவி, மழை பெய்யும் இடங்களையே மாற்றிவிடுகிறது. இந்நிலை எல் நினோ எனவும், காற்று வழக்கத்தைவிட வலுத்துக் கிழக்குப் பசிபிக் மேலும் குளிரும் எதிர்நிலை லா நினா எனவும் வழங்கும். 1904-இல் இந்திய வானிலைத் துறையின் தலைமையை ஏற்ற கில்பர்ட் வாக்கர், பருவமழை பொய்ப்பதை முன்கூட்டி அறியும் வழியைத் தேடியபோது, பசிபிக், இந்தியப் பெருங்கடல்களின் காற்றழுத்தங்கள் தராசுத் தட்டுகளைப் போல ஒன்று ஏற ஒன்று இறங்குவதைக் கண்டறிந்தார். அந்த அசைவையும் கடலின் வெப்பத்தையும் ஒரே இயக்கமாக 1969-இல் இணைத்துக் காட்டியவர் ஜேக்கப் பியர்க்னெஸ்.

எல் நினோ ஆண்டுகளில் பனாமாவில் மழை குறைகிறது. 1914-இல் திறக்கப்பட்ட கால்வாய் கடல்நீரால் நிரம்பியது என்று நினைப்பவர்களுக்கு, மழைக்கும் கப்பலுக்கும் என்ன தொடர்பு என்ற ஐயம் எழலாம். சாக்ரெஸ் ஆற்றை மறித்து உருவாக்கப்பட்ட காதூன் ஏரி கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 26 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு கடலிலிருந்து வரும் கப்பல், மதகுகளால் அடைக்கப்பட்ட அறைகளுக்குள் ஏரிநீரைப் பாய்ச்சிப் படிப்படியாக உயர்த்தப்பட்டு, ஏரியைக் கடந்து, மறுபுறம் அதே முறையில் இறக்கப்படுகிறது. ஒவ்வொரு கடப்புக்கும் ஏறக்குறைய 20 கோடி லிட்டர் நன்னீர் செலவாகிறது. பனாமா நகருக்குக் குடிநீர் தருவதிலும் இந்த ஏரிக்குப் பங்குண்டு.

2023-இல் எல் நினோ வலுத்தபோது, அவ்வாண்டின் அக்டோபர், 1950 முதல் உள்ள பதிவுகளில் மிக வறண்ட அக்டோபராக அமைந்தது. நாளொன்றுக்கு 36 கப்பல்கள் வரை சென்ற வழியில் டிசம்பரில் 22 கப்பல்களுக்கே அனுமதி கிடைத்தது. கப்பல் நீரில் அமிழும் ஆழம் 50 அடியிலிருந்து 44 அடியாகக் குறைக்கப்பட்டதால் பெரிய கப்பல்கள் சரக்கைக் குறைத்து ஏற்ற நேர்ந்தது. வரிசையில் காத்திராமல் முன்னே செல்லும் உரிமை ஏலத்தில், ஒரு கப்பலுக்கு வழக்கமான கட்டணம் நீங்கலாக ஏறத்தாழ 40 லட்சம் டாலர் வரை கேட்கப்பட்டது. அதே காலத்தில் செங்கடலில் ஏமனின் ஹவுதி கிளர்ச்சியாளர்கள் நடத்திய தாக்குதலால் சூயஸ் வழியையும் பல கப்பல்கள் தவிர்க்க, ஒரு பாதையை வறட்சியும் மற்றொன்றைப் போரும் ஒருசேர நெருக்கின.

கால்வாயின் அரசியல் வரலாறு நீண்டது. 1903-இல் கொலம்பியாவிலிருந்து பனாமா பிரிய அமெரிக்கா துணைநின்று கால்வாய்ப் பகுதியைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்தது. 1977-இல் கையெழுத்தான உடன்படிக்கைகளின்படி 1999-இன் இறுதி நாளில் கால்வாய் பனாமாவிடம் முழுமையாக ஒப்படைக்கப்பட்டது. அதன் இரு முனைகளிலும் உள்ள துறைமுகங்களை ஹாங்காங் நிறுவனம் ஒன்று 1997-இல் பெற்றதும், 2017-இல் பனாமா சீனாவின் பட்டுப்பாதைத் திட்டத்தில் சேர்ந்ததும் வாஷிங்டனை உறுத்தின. 2025 ஜனவரியில் கால்வாயைத் திரும்பப் பெறுவோம் என்று அதிபர் டிரம்ப் அறிவிக்க, பிப்ரவரியில் பனாமா சீனத் திட்டத்திலிருந்து விலகுவதாகத் தெரிவித்தது.

அந்தப் பூசல் நடந்த மாதங்களிலேயே, கால்வாயின் தென்முனை திறக்கும் பனாமா வளைகுடாவில், ஜனவரி முதல் ஏப்ரல் வரை வடகாற்றால் ஆண்டுதோறும் நிகழும் ஆழ்நீர் மேலெழுச்சி, நாற்பது ஆண்டுப் பதிவுகளில் முதன்முறையாகத் தவறியது. காற்று வீசிய தடவைகள் குறைந்ததே காரணமென ஸ்மித்சோனியன் வெப்பமண்டல ஆய்வு நிறுவனத்தின் அறிஞர்கள் கருதுகின்றனர். வளைகுடாவின் மீன்வளம் அம்மேலெழுச்சியை நம்பியிருந்தும், அந்தப் பூசலுக்குக் கிடைத்த கவனத்தில் சிறு பங்குகூட இதற்குக் கிடைக்கவில்லை.

நீர்ப்பற்றாக்குறைக்குத் தீர்வாக இந்தியோ ஆற்றில் அணை கட்டக் கால்வாய் நிர்வாகம் திட்டமிடுகிறது; நிலம் மூழ்கும் என்பதால் அப்பள்ளத்தாக்கின் உழவர்கள் அதை எதிர்க்கின்றனர். எந்த வல்லரசு துறைமுகத்தைப் பெற்றாலும், ஏரிக்கு நீர் எங்கிருந்து வரும், அதற்கு யார் விலை தருவது என்ற வினாக்களுக்கு அவ்வுரிமைப் பத்திரத்தில் விடை இராது. ஆகவே, கால்வாயைப் பற்றிய அடுத்த செய்தியைப் படிக்கும்போது, நிர்வாகம் நாள்தோறும் வெளியிடும் காதூன் நீர்மட்டத்தையும், நடுப் பசிபிக்கின் வெப்பநிலையையும் அதனருகே வைத்துப் படிப்பாயாக. கடல்வழி அரசியலைக் கற்க விரும்புவோர்க்கு வானிலை அறிக்கையும் பாடநூலே ஆகும்.

அன்புடன்,
ஆசிரியர்