எமக்குப் பிடித்த சொக்லேட்: நாவின் தெரிவா, காலத்தின் தெரிவா?

க.பொ.த. உயர்தரம், கலைப்பிரிவு

சொக்லேட் பிடிக்காத மாணவியை எங்கள் கல்லூரியில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் "எந்தச் சொக்லேட் பிடிக்கும்?" என்று கேட்டால் ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு விடை சொல்வாள். ஒருத்திக்குக் கஜு போட்டது வேண்டும். இன்னொருத்திக்கு முந்திரிகை வற்றல் போட்டது வேண்டும். கைப்பான கறுப்புச் சொக்லேட்டைத் தேடுவோரும் உண்டு, வெள்ளையைத் தவிர வேறெதையும் தொடாதோரும் உண்டு. "உன் வாய் உனக்கு, என் வாய் எனக்கு" என்று இதை விட்டுவிடலாம். ஆயினும் சற்று நின்று யோசித்தால், நாம் "எனக்குப் பிடித்தது" என்று சொல்வதில் எமது நாவுக்கு உள்ள பங்கு நாம் நினைப்பதிலும் குறைவு என்பது விளங்கும். வரலாறு, வியாபாரம், உறவு, வெயில் ஆகிய எல்லாம் சேர்ந்தே எமது சுவையைத் தீர்மானிக்கின்றன. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்டோஸ் என்னும் சொல்

எங்கள் உம்மம்மாமாரின் தலைமுறையினர் சொக்லேட் என்று சொல்வதில்லை. எந்த நாட்டில், எந்த நிறுவனம் செய்திருந்தாலும் அவர்களுக்கு அது "கண்டோஸ்" தான். "மகள், லண்டன் கண்டோஸ் இருக்கு, எடுத்துச் சாப்பிடு" என்று இன்றும் யாழ்ப்பாணத்து வீடுகளில் கேட்கலாம். உண்மையில் கண்டோஸ் என்பது கண்டிப் பக்கத்தில் உற்பத்தியாகும் ஓர் இலங்கைச் சொக்லேட்டின் வியாபாரப் பெயர். உபாலி விஜேவர்தனவின் பெயரால் அறியப்படும் வர்த்தகக் குழுமத்தைச் சேர்ந்தது. ஒரு காலத்தில் கடைக் கண்ணாடிப் போத்தலுக்குப் பக்கத்தில் இருந்த சொக்லேட் பெரும்பாலும் அதுவாகவே இருந்தமையால், அதன் பெயரே இனத்துக்குரிய பெயராகிவிட்டது. பால்மாவை எல்லாம் "அங்கர்" என்பதும் இவ்வாறுதான்.

தமிழ் இலக்கணத்தில் நாம் படிக்கும் ஆகுபெயரை இங்கே நினைத்துப் பார்க்கலாம். செய்தவரின் பெயர் செய்யப்பட்ட பொருளுக்கு ஆகி வருவதைக் கருத்தாவாகுபெயர் என்கிறோம். கண்டோஸ் அதற்கு மிக அண்மையில் நிற்கிறது. இலக்கணம் புத்தகத்தில் மட்டும் இல்லை, பெட்டிக்கடையிலும் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

உறவுகள் கொண்டுவரும் சுவை

இன்று யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டின் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால், அந்த வீட்டாரின் உறவினர் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். சுவிற்சர்லாந்தில் உறவினர் உள்ள வீட்டில் முக்கோண வடிவான டொப்லரோன் இருக்கும். 1908இல் பேர்ண் நகரில் தோன்றிய அந்தச் சொக்லேட்டை, சுவிஸ் வரைபடத்தைப் பார்க்காத பிள்ளைகளும் அறிவார்கள். லண்டன் உறவினர் தகரப் பெட்டியில் அடைத்த பல நிறக் கடதாசிச் சொக்லேட்டுகளைக் கொண்டுவருவார்கள். எங்கள் சமூகத்தில் வாப்பாமார், மாமாமார் பலர் வேலை செய்வது சவூதி, கட்டார், துபாய் போன்ற வளைகுடா நாடுகளில். ஆகவே எங்கள் வீடுகளில் அதிகம் காணப்படுவது அங்கே விற்பனையாகும் கலக்ஸி போன்றவையும், பேரீச்சம்பழத்துக்குள் பாதாம் வைத்துச் சொக்லேட் பூசியவையும் ஆகும்.

இவ்வாறு, ஒரே வகுப்பில் ஒரே வாங்கில் இருக்கும் இரு மாணவிகளின் விருப்பம் வேறுபடுவதற்கு அவர்களின் குடும்பங்கள் புலம்பெயர்ந்த திசையே காரணமாக இருக்கலாம். பிரிந்து வாழும் உறவின் அன்பு அந்தப் பெட்டிக்குள் இருப்பதால் அதன் இனிப்பும் கூடித்தான் தெரியும்.

இப்போது உறவினர் மட்டுமன்றி, கைத்தொலைபேசியும் சுவையைக் கொண்டுவருகிறது. பிஸ்தாப் பசையும் தஹினியும் வறுத்த கதாயிப் நூலும் நிரப்பிய "துபாய் சொக்லேட்" 2021இல் துபாயில் ஒரு சிறு நிறுவனத்தால் ஆரம்பிக்கப்பட்டது. 2023 டிசம்பரில் ஒரு டிக்டொக் காணொளி பரவிய பின்னர் அது உலகெங்கும் பேசப்பட்டது. அதை ஒருமுறையேனும் உண்ணாத மாணவிகள்கூட "எனக்கு அதுதான் பிடிக்கும்" என்கிறார்கள். கண் பார்த்ததை நாவு ஏற்றுக்கொள்கிறது.

தடைகளும் சுவையும்

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்துச் சோனகத்தெருவில் வாழ்ந்தவர்கள் புத்தளத்திலும் வேறு இடங்களிலும் அகதிகளாக வளர்ந்தனர். அதே காலப்பகுதியில் குடாநாட்டில் எஞ்சியிருந்தோர் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்தனர். சீனியே அருமையான அந்நாட்களில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடித்த கதையை யாழ்ப்பாணத்தில் எந்தப் பெரியவரிடமும் கேட்கலாம். இரு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் "எந்தச் சொக்லேட் பிடிக்கும்?" என்ற கேள்வியே அன்று இருக்கவில்லை. தெரிவு செய்வதற்கு முதலில் பொருள் வேண்டும்.

எமது தலைமுறையும் ஒரு தடையைக் கண்டது. பொருளாதார நெருக்கடியின்போது, 2022 ஓகஸ்டில் அரசாங்கம் முந்நூறுக்கும் மேற்பட்ட பொருட்களின் இறக்குமதியை நிறுத்தியது. அப்பட்டியலில் சொக்லேட்டும் இருந்தது. டொலரைச் சேமிப்பதற்காக எடுக்கப்பட்ட அந்த முடிவு எங்கள் நாவிலும் எழுதப்பட்டது. வெளிநாட்டுச் சொக்லேட்டுக்குப் பழகியவர்கள் உள்நாட்டுச் சொக்லேட்டை மீண்டும் வாங்கினார்கள். சிலர் அதையே விரும்பவும் தொடங்கினார்கள்.

மூன்று வகைகள்

சொக்லேட்டின் மூலப்பொருள் கொக்கோ மரத்தின் விதை. 1753இல் லின்னேயசு இம்மரத்துக்குத் தியோபுரோமா ககாவோ எனத் தாவரவியல் பெயரிட்டார். அமேசன் பகுதியில் தோன்றிய இம்மரத்தைப் பிரித்தானியர் இலங்கைக்குக் கொண்டுவந்தனர். மாத்தளை, கண்டி, குருநாகல் ஆகிய மாவட்டங்களில் அது வளர்கிறது. நிழலும் ஆண்டு முழுவதும் பரவலான மழையும் அதற்குத் தேவை. சில மாதங்கள் மட்டும் மழை பெய்யும் சுண்ணக்கல் நிலமான யாழ்ப்பாணத்துக்கு அது பொருந்தாது. இறைவன் எமக்குப் பனையைத் தந்திருக்கிறான்.

பழத்திலிருந்து எடுத்த விதைகளைச் சில நாட்கள் நொதிக்கவிட்டு, உலர்த்தி, வறுத்து அரைப்பார்கள். நொதித்தல் நடக்காவிட்டால் சொக்லேட்டின் மணம் வராது. அரைத்த கூழை அழுத்தினால் கொக்கோ வெண்ணெயும் கொக்கோத் தூளும் பிரியும். ஒல்லாந்தரான வான் ஹூட்டன் குடும்பத்தினர் 1828இல் இம்முறைக்கு உரிமம் பெற்றனர். கட்டிச் சொக்லேட் 1847இல் இங்கிலாந்தில் பிரை நிறுவனத்தாரால் செய்யப்பட்டது. சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த டானியல் பீற்றர் 1875இல் பால் சொக்லேட்டை உருவாக்கினார்.

கறுப்புச் சொக்லேட்டில் கொக்கோவும் சீனியும் முக்கியமானவை. பால் சொக்லேட்டில் அவற்றோடு பால்மா சேரும். வெள்ளைச் சொக்லேட்டில் கொக்கோத் தூள் இல்லை, கொக்கோ வெண்ணெயும் பாலும் சீனியும் மட்டுமே உண்டு. சர்வதேச உணவு நியமமான கோடெக்சின்படி சாதாரண சொக்லேட்டில் குறைந்தது 35 வீதமும், பால் சொக்லேட்டில் 25 வீதமும் கொக்கோத் திண்மம் இருத்தல் வேண்டும். வெள்ளையில் 20 வீதம் கொக்கோ வெண்ணெய் இருத்தல் வேண்டும். ஆகவே உறையில் "70%" என்று கண்டால், அது கொக்கோவிலிருந்து வந்த பகுதியைக் குறிக்கும். மிகுதி பெரும்பாலும் சீனி.

வெயிலும் வெண்ணெயும்

கொக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 பாகை செல்சியசில் உருகும். எமது வாயின் வெப்பம் 37 பாகை. அதனால்தான் நல்ல சொக்லேட் கையில் கட்டியாக இருந்து நாவில் கரைகிறது. சித்திரை, வைகாசி மாதத்து யாழ்ப்பாண வெயிலோ அந்த 34 பாகையைத் தொடக்கூடியது. புத்தகப் பைக்குள் வைத்த சொக்லேட் உருகி மீண்டும் இறுகினால் மேலே சாம்பல் படிந்ததுபோல் வெண்மை தோன்றும். அதனைப் பூஞ்சணம் என்று எண்ணி எறிந்துவிடுவோர் பலர். அது கொழுப்பு மேலெழுந்து வேறு பளிங்கு வடிவில் இறுகியதன் விளைவு. சுவை குன்றுமேயன்றி நஞ்சாகாது.

வெப்ப நாடுகளிலும் மலிவான பண்டங்களிலும் கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பைச் சேர்ப்பது வழக்கம். அது எளிதில் உருகாது, ஆனால் நாவில் மெழுகுபோல் சற்று ஒட்டும். நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு துண்டை மெல்லாமல் நாவில் வைத்திருங்கள். முழுதும் கரைந்தால் கொக்கோ வெண்ணெய் அதிகம். மேலண்ணத்தில் ஒரு படலம் மிஞ்சினால் உறையைத் திருப்பி "தாவரக் கொழுப்பு" என்ற சொல்லைத் தேடுங்கள்.

உறையை வாசித்தல்

எமக்கு உறையை வாசிக்க இன்னொரு காரணமும் உண்டு. சில வெளிநாட்டுச் சொக்லேட்டுகளின் நிரப்பலில் மதுசாரம் சேர்க்கப்படும். சிலவற்றில் விலங்குகளிலிருந்து பெறப்பட்ட ஜெலற்றின் இருக்கும். "ஈ 322" என்பது லெசித்தின், பெரும்பாலும் சோயாவிலிருந்து பெறப்படுவது. "ஈ 471" தாவரக் கொழுப்பிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். அதன் மூலத்தை ஹலால் சான்றிதழே உறுதிப்படுத்தும். உறவினர் அன்போடு தந்ததென்றாலும் வாசித்துவிட்டு உண்பது அவர்களை அவமதிப்பதாகாது.

தொலைவில் ஒரு தோட்டம்

உலகின் கொக்கோவில் அரைவாசிக்கு மேல் ஐவரிகோஸ்ட், கானா ஆகிய இரு மேற்கு ஆபிரிக்க நாடுகளில் விளைகிறது. கொக்கோத் தோட்டங்களில் சிறுவர் உழைப்பை ஒழிப்பதாக 2001இல் பெரும் நிறுவனங்கள் உடன்பட்டன. ஆனால் 2020இல் வெளியான சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வு, அவ்விரு நாடுகளிலும் கொக்கோ உற்பத்தியில் ஏறத்தாழ 15 இலட்சத்து 60 ஆயிரம் சிறுவர்கள் உழைப்பதாகக் கூறியது. கத்தியால் கொக்கோப் பழம் வெட்டுவோரில் எங்களிலும் இளையவர்கள் உண்டு. 2024இல் நோயாலும் காலநிலையாலும் விளைச்சல் குறைந்து, ஒரு தொன் கொக்கோ 10,000 டொலரைத் தாண்டியது. எங்கள் கடைகளில் சொக்லேட் விலை ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

கூலியை உரியவருக்கு உரிய நேரத்தில் கொடுக்கச் சொல்லும் மார்க்கம் எம்முடையது. ஹலால் என்பது உட்பொருளை மட்டும் பார்ப்பதா, அதன் பின்னால் உள்ள கைகளையும் பார்ப்பதா என்பது நாம் ஒவ்வொருவரும் சிந்திக்க வேண்டிய கேள்வியாகும்.

முடிவுரை

பிடித்தது பிடித்ததுதான். அதைக் கைவிடும்படி எவரையும் இக்கட்டுரை கேட்கவில்லை. ஆனால் சுவை என்பது பிறப்போடு வந்ததன்று, பழகி வருவது. பழகியதை அறிந்துகொண்டால் புதியதையும் பழகலாம். 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது முதல் பனம் பண்டங்களைப் புது வடிவங்களில் தர முயற்சிகள் நடக்கின்றன. மாத்தளைக் கொக்கோவும் யாழ்ப்பாணப் பனங்கட்டியும் சேர்ந்த ஒரு சொக்லேட்டை எங்களில் ஒருத்தி நாளை செய்யக்கூடாதா? மனைப்பொருளியல் படிக்கும் தங்கைகளே, முயன்று பாருங்கள். முதல் துண்டை உம்மம்மாவுக்குக் கொடுங்கள். அவர் அதையும் "கண்டோஸ்" என்றுதான் சொல்வார்.