ஆணி இடுக்கில் இருக்கிறது அழுக்கு

பழைய சவரக் கத்தி வாங்குகிறவர்கள் எல்லோரும் கூரைத்தான் பார்க்கிறார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார்கள், ஜெர்மனியின் 'சோலிங்கன்' முத்திரை இருக்கிறதா என்று கண்ணைச் சுருக்குவார்கள். நான் முதலில் பார்ப்பது கத்தியும் பிடியும் சேருகிற ஆணி இடுக்கை. மருத்துவமனையில் அறுவைக் கருவிகளைக் கழுவிப் பொட்டலம் கட்டி ஆட்டோகிளேவில் ஏற்றுகிற பிரிவில் வேலை பார்த்துப் பழகிய கண் அது. கத்தரிக்கோலோ கவ்வியோ, எங்களுக்குத் தொல்லை கொடுப்பது எப்போதும் மூட்டுதான். வழவழப்பான இடத்தில் ரத்தம் இருந்தால் தெரிந்துவிடும். மூட்டுக்குள் போய்க் காய்ந்தது தெரியாது.

சென்னையில் 1986-இல் டாக்டர் சுனிதி சாலமனும் நிர்மலா செல்லப்பனும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். அதைத் தொடர்ந்த பயத்தில் எங்கள் பகுதி சலூன்களில் தீட்டுகிற கத்தி உள்ளே போனது. பிளேடைப் பாதியாக உடைத்து மாட்டுகிற கத்தி வெளியே வந்தது. உள்ளே போனவற்றில் சில இன்று பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பூட்டுக்கும் ஸ்பானருக்கும் நடுவே கிடக்கின்றன. "இவ்வளவு வருஷம் சும்மா கிடந்த கத்தி சார், இதுல என்ன கிருமி இருக்கப் போவுது" என்பார் விற்கிறவர். சொல்லிக்கொண்டே, கூரைக் காட்டுவதற்காகத் தன் முன்கை முடியைச் சிரைத்துக் காட்டுவார். இவருக்கு முன்னால் யார் கையில் அப்படிக் காட்டப்பட்டதோ! எச்.ஐ.வி. காய்ந்த பரப்பில் சீக்கிரம் வலுவிழந்துவிடும். ஹெபடைடிஸ் பி அப்படியில்லை. உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் தாங்கும், தொற்றவும் செய்யும். ஆகவே கத்தி எந்த வருஷத்தது என்பதைவிடக் கடைசியாக யார் தோலில் எப்போது பட்டது என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் கிடைக்காது என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்க வேண்டும்.

துருவால் டெட்டனஸ் வரும் என்பது பாதி உண்மை. மண்ணிலும் சாணத்திலும் இருக்கிற கிருமியின் வித்துகளுக்குத் துருவின் சொரசொரப்பில் ஒதுங்க இடம் கிடைக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த வித்துகள் ஸ்பிரிட்டுக்குச் சாகாது. தேய்த்து வெளியேற்றுவதுதான் வழி. கூரை ஒட்டித் துரு தின்ற குழிகள் இருந்தால் பேரமே பேச வேண்டாம். எவ்வளவு தீட்டினாலும் அங்கே கூர் உதிரும். தந்தப் பிடி என்று யாராவது பெருமையடித்தால் அப்படியே நகர்ந்துவிடுங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது வில்லங்கம்.

வீட்டுக்கு வந்ததும் கூரின் மேல் இன்சுலேஷன் டேப்பை மடித்து ஒட்டிவிடுவேன். கனமான ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, வெதுவெதுப்பான நீரும் பாத்திரம் துலக்குகிற திரவச் சோப்பும் பழைய டூத் பிரஷ்ஷும் எடுத்துக்கொள்வேன். கொதிநீர் கூடாது. காய்ந்த ரத்தத்தில் இருக்கிற புரதம் சூட்டில் இறுகி உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். எங்கள் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிற முதல் பாடமே இதுதான்.

ஆணி இடுக்குக்குள் பிரஷ் போகாது. பழைய வேட்டித் துணியை மெல்லிய நாடாவாகக் கிழித்துச் சோப்பில் நனைத்து, பிடியின் ஒரு பக்கத்துக்கும் கத்தியின் வாலுக்கும் நடுவே விட்டு முன்னும் பின்னும் இழுப்பேன். பிறகு மறுபக்கம். முதலில் வருவது கறுப்புப் பசை. பழைய சோப்பும் எண்ணெயும் முடித்தூளும் சேர்ந்து களிம்பாகிப்போயிருக்கும். வேறு என்ன சேர்ந்திருக்கிறது என்று யோசிக்காமல் நாடாவை மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். துணி வெள்ளையாகவே வெளியே வருகிறவரை விடக் கூடாது. மற்ற எல்லா வேலைக்கும் ஆகிற நேரத்தைவிட இதற்குத்தான் அதிகம் ஆகும். பெரும்பாலானவர்கள் தாண்டிப் போகிற இடமும் இதுதான். அழுக்கு இருக்கிற இடத்தில் எந்த மருந்தை ஊற்றினாலும் அது அழுக்கின் மேல்தோலை நனைத்துவிட்டு நின்றுவிடும்.

கழுவியதும் உடனே துடைத்துக் காயவைக்க வேண்டும். பழைய கத்திகள் பெரும்பாலும் கார்பன் எஃகு. ஈரத்தோடு விட்டால் கண்ணெதிரே பழுப்பேறும். மேல்துருவுக்கு பெயின்டர்கள் வாங்குகிற வாட்டர் பேப்பர் போதும். முதலில் 1000, அப்புறம் 2000, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, முதுகிலிருந்து கூரை நோக்கி மட்டும் தேய்க்க வேண்டும். மிச்சத்தை பிராசோ பாலிஷ் பார்த்துக்கொள்ளும். பிராசோவின் மிச்சத்தை மறுபடி சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்துவிடுங்கள்.

இனிதான் ஸ்பிரிட். மருந்துக்கடையில் 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் என்று கேட்டு வாங்க வேண்டும். 99 சதவீதம் இன்னும் உசத்தி என்று நினைக்கிறவர்கள் உண்டு, உண்மை தலைகீழ். கிருமியின் புரதத்தைக் குலைக்கத் தண்ணீரும் வேண்டும், ஈரம் கொஞ்ச நேரம் நிற்கவும் வேண்டும். பஞ்சில் தொட்டுத் துடைத்தால் ஆவியாகிப் போய்விடும். டேப்பை எடுத்துவிட்டு, உயரமான கண்ணாடிக் குவளையில் அலகு முழுக்க மூழ்கும்படி 10 நிமிடம் நிறுத்துகிறேன். ஆணி இடுக்குக்கு மட்டும் ஊசி மாட்டாத சிரிஞ்சில் எடுத்து, காயக் காயச் சொட்டுவிடுகிறேன். அடுப்பு எரிகிற இடத்தில் இந்த வேலை வேண்டாம்.

பிடியைச் சேர்த்து ஊறப்போடக் கூடாது. பழைய பிடிகளில் செல்லுலாய்டு நிறைய. லேசாகத் தேய்த்தால் கற்பூர வாசனை வரும், ஏனென்றால் அதில் கற்பூரமும் சேர்ந்திருக்கிறது. ஸ்பிரிட்டில் ஊறினால் இளகும், அசிட்டோன் பட்டால் கரைந்தே போகும். கெட்டுப்போன செல்லுலாய்டு அமில ஆவி விடும். மடக்கி வைக்கும்போது பிடிக்குள் அடங்குகிற பகுதி மட்டும் துருப்பிடித்திருந்தால் அதைச் சந்தேகிக்கலாம். அந்தப் பிடியைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு போடுவதே நல்லது.

கேஸ் அடுப்பில் காட்டிவிட்டால் எல்லாம் செத்துவிடும் என்று ஒருவர் சொன்னார். கிருமி சாகும், கத்தியும் சாகும். எஃகு நீலம் பாய்ந்துவிட்டால் அதன் பதம் போய்விட்டது, அப்புறம் கூர் நிற்காது. பிளீச்சிங் கரைசல் கார்பன் எஃகை அரித்துவிடும். டெட்டால் வித்துகளை ஒன்றும் செய்யாது. சில சலூன்களில் இருக்கிற நீல விளக்குப் பெட்டியில் ஒளி படுகிற இடம் மட்டும்தான் சுத்தமாகும். ஆணி இடுக்கில் ஒளி படாது. அமெரிக்க சலூன்களில் கண்ணாடி ஜாடியில் நீலமாக நிற்கிறதே, பார்பிசைட், 1947-இல் மாரிஸ் கிங் உண்டாக்கியது, அது இந்த வேலைக்கென்றே செய்த மருந்து. அதற்கும் 10 நிமிடம் முழுதாக மூழ்க வேண்டும், முன்னால் கழுவியும் இருக்க வேண்டும்.

தீட்டுவதை நான் செய்வதில்லை. எங்கள் தெருவில் சலூன் வைத்திருந்த பெரியவரிடம் கொண்டுபோவேன். "கல்லுல போட்டா பழைய வாய் போயி புது வாய் வந்துரும் தம்பி, நீ என்னமோ மருந்து மருந்துங்கிற" என்று சிரிப்பார். "சரிதான் பெரியவரே, கூருக்குச் சரி. ஆணிக்கு யாரு கல்லு போடறது?" என்பேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தோலில் படுகிற விளிம்பு கல்லில் பிறந்த புது உலோகம். கத்தியிலேயே அதிகம் பயப்படுகிற இடம்தான் மிகச் சுலபமாகச் சுத்தமாகிற இடம். ஆனாலும் கல்லில் இருந்து வந்த சேறு இருக்கும். கழுவித் துடைத்து இன்னொரு முறை ஸ்பிரிட்டில் நிறுத்திவிட்டுத்தான் தோல்வாரில் இழுக்கிறேன்.

அந்தத் தோல்வார் புதியதாக இருக்க வேண்டும். கத்தியோடு சேர்த்துப் பழைய வாரையும் 'ஃப்ரீ' என்று தருவார்கள். தோல் எல்லாவற்றையும் உறிஞ்சி வைத்திருக்கும், அதைக் கிருமிநீக்கம் செய்ய வீட்டில் வழியில்லை. வாங்கி, வரும் வழியிலேயே குப்பைத்தொட்டியில் போட்டுவிடலாம். காய்ந்த கத்திக்குத் தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள். சில மாதத்தில் பிசுபிசுத்து, கஷ்டப்பட்டுச் சுத்தம் செய்த இடுக்கிலேயே அழுக்கைப் பிடித்து வைக்கும். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டுப் போதும். சவரத்துக்கு முன் துடைத்துவிடலாம்.

இவ்வளவும் செய்தாலும் இது அறுவைக் கருவியின் தரமல்ல. ஸ்பிரிட் கிருமிகளைக் கொல்லும், வித்துகளை விட்டுவிடும். அதனால் டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி வழக்கமாக மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். எனக்கு வேலையிலேயே போட்டுவிட்டார்கள். போடாதவர்கள் கத்தியை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, முதலில் அதை முடித்துவிட்டு வாருங்கள்.