மஞ்சள் கறைக்கு வெயில்தான் மருந்து

பொங்கலோ தீபாவளியோ, தாராவி, மாட்டுங்கா, செம்பூர் சொந்தங்கள் எல்லாம் மும்பை சயானில் எங்கள் வீட்டில்தான் கூடுவார்கள். பந்தி முடிந்து எல்லோரும் கிளம்பியதும் நான் முதலில் பார்ப்பது பாத்திரத்தை அல்ல, துணிகளை. பாத்திரம் காலையில் தண்ணீர் வரும்வரை கிடக்கட்டும்.

சாம்பார் சிந்தினால் உடனே சோப்புக்கட்டியைத் தேடுவார்கள். தேய்த்ததும் மஞ்சள் செக்கச்செவேல் என்றாகிவிடும், புடவைக்காரி அலறுவாள். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கிறதே, அதே சங்கதிதான். சோப்பிலும் காரம் உண்டு. எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் அலசினால் மறுபடி மஞ்சளாகும், ஆனால் போகாது. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் தண்ணீரில் கரைவதில்லை, எண்ணெயோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் முதலில் எண்ணெயை எடுங்கள். பாத்திரம் கழுவும் லிக்விடை இரண்டு சொட்டு விட்டு, விரல் நுனியால் மெல்லத் தடவி, பச்சைத் தண்ணீரில் அலசினால் போதும். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். ஈரத்தோடு, கறை மேலே இருக்கும்படி விரித்துவிடுங்கள். வெளிச்சம் பட்டால் குர்குமின் சிதைந்துவிடும். வெள்ளை வேட்டிக்கு இதைவிட நல்ல வைத்தியம் கிடையாது. கலர் துணியென்றால் கறையோடு சாயமும் வெளுக்கும், கண் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஜனவரிப் பொங்கலுக்கு மும்பையில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. தொல்லை எல்லாம் மழையோடு வரும் கணபதி பண்டிகைக்குத்தான். அப்போது எண்ணெயை மட்டும் எடுத்து நிழலில் காயவைத்து, வானம் வெளுக்கும் நாளில் மறுபடி நனைத்து விரிப்பேன். அதுவரை இஸ்திரிப் பெட்டி பக்கத்திலேயே வரக்கூடாது. சூடு பட்டால் கறை இறுகிவிடும்.

இதையெல்லாம்விட மோசமானது வாழைக்கறை. இலை நறுக்கும்போது சொட்டும் நீர் முதலில் கண்ணுக்கே தெரியாது. காற்றுப் பட்டுப் பழுப்பான பிறகு எந்தப் பவுடருக்கும் மசியாது. அதில் இருப்பது துவர்ப்புச் சரக்கான டானின். மரப்பட்டையின் டானின்தான் தோலைப் பதப்படுத்தும் பழைய சரக்கு. தோலையே பிடித்துக்கொள்வது பருத்தியை விடுமா? சொட்டிய கையோடு அலசுவது ஒன்றுதான் வழி. டீ, காபிக்கும் அப்படியே. துருப்பிடித்த இரும்பு வாளியில் மட்டும் ஊறப்போடாதீர்கள், டானினும் இரும்பும் சேர்ந்தால் கருத்துவிடும்.

பட்டுப்புடவையில் நெய் சொட்டினால் எங்கள் அத்தை, "ஏட்டி, தண்ணி தொடாத, துன்னூற அள்ளிப் போடு" என்பாள். சரியான யோசனை. திருநீறோ முகப்பவுடரோ எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். கொஞ்ச நேரம் விட்டுத் தட்டிவிடலாம். அதற்கும் மிஞ்சினால் டிரை கிளீனிங்தான். என்ன கறை என்பதைக் கடைக்காரரிடம் சொல்லிக் கொடுங்கள்.

தீபாவளி மெழுகுவர்த்திக் கறையை ஐஸ்கட்டி வைத்து இறுகச் செய்து சுரண்டிவிடலாம்.

பிளீச்சிங் திரவத்தைப் பட்டிலும் கம்பளியிலும் ஊற்றவே ஊற்றாதீர்கள், இழையை அரித்துவிடும். கறை சீக்கிரம் போகட்டும் என்று அதோடு வினிகரையோ எலுமிச்சையையோ கலக்கவும் கூடாது. கிளம்புவது குளோரின் வாயு. நம் சின்னக் குளியலறைகளில் அது உயிருக்கே ஆபத்து.