வாயில்லா ஜீவன்களின் ஹக்கும் நமது கடமையும்

வியாபாரிகள் படிக்கும் சங்க ஏட்டில் யானையையும் கோழியையும் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சில அன்பர்கள் நினைக்கலாம். கொள்முதல், வரி, லைசென்சு, வேலையாள் பர்மிட் என்று நமக்குத் தலைக்குமேல் விஷயங்கள் இருப்பது மெய்தான். ஆனால் நம்மில் பலர் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறோம். மற்றவர்களில் பலர் மளிகைக்கடை வைத்து முட்டையும் கோழியும் விற்கிறோம். விற்கிற சரக்கு எங்கிருந்து எப்படி வருகிறது என்று தெரியாதவன் வியாபாரி ஆகமாட்டான். அரிசியில் கல் இருந்தால் கேட்கிறோம், பருப்பில் பூச்சி இருந்தால் திருப்பி அனுப்புகிறோம். கோழியைப் பற்றி மட்டும் எடையைத் தவிர எதையும் கேட்பதில்லை.

நாமும் கேட்டதில்லை. ஷா ஆலத்தில் நமக்குச் சிறு கடை ஒன்று உண்டு. விடியற்காலையில் கோழி அறுக்கும் இடத்துக்குப் போய்ச் சரக்கு எடுத்து வருவது பல வருஷத்து வழக்கம். ஒருநாள் வேலைப் பையன் வராததால் மகள் கூட வந்தாள். லாரியிலிருந்து பிளாஸ்டிக் கூடைகளை இறக்கும்போது வழியிலேயே செத்துப்போன கோழிகளை ஒருவன் எடுத்து ஓரமாக எறிந்துகொண்டிருந்தான். நமக்கு அது கழிவுக் கணக்கு. அந்த நஷ்டம் நம் தலையில் விழாதா என்பதுதான் கவலை. மகள் கேட்டாள்: "வாப்பா, இதெல்லாம் ஏன் செத்தது?" "வெக்கை, நெரிசல்" என்றோம். "அறுக்கும்போது பிஸ்மி சொல்றோம், சரி. அதுக்கு முந்தி இதுக்கு ஒரு உரிமையும் கிடையாதா?" என்றாள். அன்றிலிருந்து அவள் கோழி தின்பதில்லை.

நாம் ஓதியது ஊர் மதரஸாவில். பள்ளிக்கூடப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆகவே, "உரிமை என்பது மனுஷனுக்கு, மிருகத்தின் விஷயத்தில் நமக்குக் கடமை மட்டும்தான்" என்று சொல்லி அப்போதைக்கு வாயை அடைத்துவிட்டோம். பிறகு அந்தப் பதில் சரிதானா என்ற சந்தேகம் நமக்கே வந்தது. இங்கிலீஷில் உள்ளதை மகள் படித்துச் சொன்னாள். கிதாபில் உள்ளதை ஓர் ஆலிம் எடுத்துக் காட்டினார். இரண்டையும் வைத்துக்கொண்டு எழுதுகிறோம். பிழை இருந்தால் அறிந்தவர்கள் திருத்துவார்களாக.

உலகத்தில் இந்த விஷயத்தில் இரண்டு கட்சிகள் இருக்கின்றன. ஒன்றை நலக் கட்சி என்போம். பிராணியை வளர்க்கலாம், உண்ணலாம், பாரம் சுமத்தலாம், காட்சிக்கும் வைக்கலாம். ஆனால் அனாவசியமான வேதனை கொடுக்கக் கூடாது என்பது அவர்கள் அபிப்பிராயம். 1964-ல் இங்கிலாந்தில் ரூத் ஹாரிசன் என்ற அம்மையார், பண்ணைகளில் மிருகங்களை யந்திரங்களைப்போல் நடத்துவதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஜனங்கள் கொதித்துப் போனார்கள். அரசாங்கம் பிராம்பெல் என்ற பேராசிரியர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 1965-ல் அக்குழு தந்த அறிக்கையின் சாரம் மிகச் சாதாரணமானது: ஒரு பிராணிக்கு எழுந்து நிற்க, படுக்க, திரும்ப, தன்னைச் சுத்தம் செய்துகொள்ள, கைகால் நீட்ட இடம் வேண்டும். இவ்வளவுதான்! இதைக்கூட ஒரு குழு போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. இதிலிருந்து 1979-ல் ஐந்து விடுதலைகள் என்ற வகுப்பு உண்டாயிற்று: பசி தாகத்திலிருந்து, இடவசதியின்மையிலிருந்து, நோவு காயம் நோயிலிருந்து, அச்சத்திலிருந்து விடுதலை, அத்துடன் தன் இயல்புப்படி நடந்துகொள்ளும் விடுதலை. நமது மலேசியாவின் 2015-ஆம் வருஷத்து விலங்கு நலச் சட்டமும் வளர்ப்பவனுடைய கடமையாக ஏறக்குறைய இவற்றையே விதிக்கிறது. முன்பு இந்நாட்டில் மிருகத்தை வதைத்தவனுக்கு அபராதம் அதிகபட்சம் 200 வெள்ளி. 2013-ல் அது 50,000 வெள்ளியாயிற்று. புதிய சட்டத்தில் குறைந்தது 20,000, கூடியது ஒரு லட்சம் வெள்ளி, அல்லது மூன்று வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும்.

மற்றது உரிமைக் கட்சி. அமெரிக்கத் தத்துவாசிரியர் டாம் ரீகன் 1983-ல் எழுதிய நூல் அவர்களுக்கு ஆதாரம். கூண்டைப் பெரிதாக்குவது பேச்சல்ல, கூண்டே கூடாது என்பார்கள். அடிமைக்கு நல்ல சோறு போடு என்பது ஒரு பேச்சு, அடிமையை விட்டுவிடு என்பது வேறு பேச்சு அல்லவா என்று கேட்பார்கள். ஆஸ்திரேலியரான பீட்டர் சிங்கரின் 1975-ஆம் வருஷத்து நூலையும் இவர்களோடு சேர்த்துப் பேசுவதுண்டு. ஆனால் சிங்கர் உரிமைக் கணக்குப் பார்ப்பவரல்லர். துன்பக் கணக்குப் பார்ப்பவர். யாருடைய துன்பமானாலும் தராசில் ஒரே எடைதான் என்பது அவர் வாதம். வியாபாரிகளுக்கு அவர் பேச்சு எளிதில் விளங்கும். ஒப்புக்கொள்வது வேறு விஷயம்.

இந்த வழக்கு நிஜமாகவே கோர்ட்டுக்குப் போயிருக்கிறது. 1985-ல் இலங்கை அரசாங்கம் பாகிஸ்தானுக்கு ஒரு யானைக்குட்டியை அன்பளிப்பாகக் கொடுத்தது. காவான் என்று பெயர். இஸ்லாமாபாத் மிருகக்காட்சிசாலையில் பல காலம் சங்கிலியில் கிடந்தது. துணையாக இருந்த பெண் யானை 2012-ல் இறந்தபின் தன்னந்தனியாக நின்று தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே இருக்குமாம். யானை அப்படி ஆட்டினால் ஆனந்தம் என்று நாம் நினைப்போம்; மனம் நொந்த யானையின் அடையாளம் அது என்கிறார்கள் வைத்தியர்கள். 2020 மே மாதம் இஸ்லாமாபாத் உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி அத்தர் மினல்லாஹ் தீர்ப்புக் கூறினார். மார்க்க ஆதாரங்களையும் எடுத்துக்காட்டி, மிருகங்களுக்கும் உரிமை உண்டு என்று எழுதி, காவானைத் தகுந்த சரணாலயத்துக்கு அனுப்பச் சொன்னார். அந்த வருஷம் நவம்பர் கடைசியில் அது விமானமேறிக் கம்போடியா போய்ச் சேர்ந்தது.

இதே போன்ற வழக்கு அமெரிக்காவிலும் நடந்தது. நியூயார்க் பிராங்ஸ் மிருகக்காட்சிசாலையில் இருந்த ஹாப்பி என்ற யானைக்காக, மனிதனைச் சட்டவிரோதமாக அடைத்துவைத்தால் போடும் மனுவையே போட்டார்கள். 2022 ஜூன் 14-ல் ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் நீதிபதிகள் தள்ளிவிட்டார்கள். அந்த மனு மனிதருக்கே உரியது என்பது தீர்ப்பு. முன்னேறிய தேசம் என்று நாம் சொல்லும் இடத்தில் தோற்ற யானை, முஸ்லிம் தேசத்துக் கோர்ட்டில் ஜெயித்தது. இதைப் படித்தபோது நமக்குச் சற்றுப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் மகள் உடனே அடுத்த பக்கத்தையும் காட்டினாள். அதே இஸ்லாமாபாத் சாலையைக் காலி செய்யும்போது, 2020 ஜூலையில், சிங்கங்களைக் கூண்டிலிருந்து கிளப்புவதற்காக உள்ளே நெருப்பு மூட்டினார்கள். இரண்டு சிங்கங்கள் செத்துப்போயின. உரிமை என்று ஏட்டில் எழுதியாயிற்று. அதை நிறைவேற்றுகிறவனுக்கு மிருகத்தைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. அங்கே நலக் கட்சிக்காரன் ஒருவன் நின்றிருக்க வேண்டும்.

நமது உலு கிளாங் தேசிய மிருகக்காட்சிசாலை 1963 நவம்பரில் துங்கு அப்துல் ரஹ்மான் அவர்களால் திறக்கப்பட்டது. பெருநாள் லீவில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகாத குடும்பம் நம்மில் குறைவு. 2014-ல் சீனாவிலிருந்து வந்த பாண்டா ஜோடிக்குக் குளிரூட்டிய மனை கட்டி, 2025 மே மாதம் திருப்பி அனுப்பும் வரை ஜனங்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். பாண்டாவை விட நமக்குப் பெரிதாகப் படுவது பால் நாரை. அழிந்துகொண்டிருந்த அந்தப் பறவையை அங்கே குஞ்சு பொரிக்கச் செய்து குவாலா சிலாங்கூர் பக்கம் விட்டார்கள். மிருகக்காட்சிசாலை வேண்டும் என்போர் இதைக் காட்டுவார்கள். வேண்டாம் என்போருக்கும் இதே சிலாங்கூரில் சாட்சி உண்டு. இனத்தைக் காப்பாற்றுவதற்காகச் சுங்கை டூசுன் நிலையத்தில் வைத்திருந்த ஐந்து சுமத்ராக் காண்டாமிருகங்களும் 2003-ல் சில வாரங்களுக்குள் நோயால் மாண்டன. மலேசியாவின் கடைசிச் சுமத்ராக் காண்டாமிருகம் 2019 நவம்பரில் சபாவில் இறந்தது. அடைத்ததால் அழிந்ததா, அடைக்கத் தாமதித்ததால் அழிந்ததா என்று இன்னும் வாதம் நடக்கிறது.

இனி நமது கிதாபுகள். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் கொன்ற பெண்ணின் ஹதீதைச் சிறு வயதிலேயே கேட்டிருக்கிறோம். அதிலே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவள் மீதான குற்றம் கட்டியது மட்டும் அல்ல; உணவும் கொடுக்கவில்லை, அது தானே தேடித் தின்ன விடவும் இல்லை என்பதாகும். அபூ உமைர் என்ற சிறு பையன் ஒரு குருவியை வைத்து விளையாடினான். அது செத்ததும் நாயகம் (ஸல்) அவர்கள் அவனிடம் அன்பாகப் பேசித் தேற்றினார்கள். பறவையைக் கூண்டில் வைப்பது ஆகும் என்று சட்ட அறிஞர்கள் இதிலிருந்து எடுத்தார்கள். இது நலக் கட்சிக்குச் சாதகம். ஆனால் பிரயாணத்தில் தோழர்கள் ஒரு பறவையின் குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்ததைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் தாயிடமே சேர்க்கச் சொன்னார்கள் என்பதும் ஹதீதில் வருகிறது. தாயின் தவிப்பே அங்கே போதுமான வழக்காகிவிட்டது.

ஆலிம் காட்டிய கிதாபு, ஷாபிஈ இமாம்களில் ஒருவரான இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம் அவர்களுடையது. டமாஸ்கஸில் பிறந்து ஹிஜ்ரி 660-ல் (கி.பி. 1262) கெய்ரோவில் மறைந்தவர்கள். மனிதன் மீது மிருகங்களுக்குள்ள ஹக்குகள் என்று அவர்கள் ஒரு பட்டியலே தருகிறார்கள். கிழடாகியோ நோயுற்றோ பயன்படாமல் போனாலும் தீனி கொடுக்க வேண்டும். சக்திக்கு மேல் சுமத்தக் கூடாது. முட்டி, மோதி, காயப்படுத்தும் பிராணியோடு சேர்த்து அடைக்கக் கூடாது. படுக்கும் இடமும் தண்ணீர்த் துறையும் நன்றாக இருக்க வேண்டும். பருவத்தில் ஆணையும் பெண்ணையும் சேர்ந்திருக்க விட வேண்டும். குட்டியைத் தாயின் கண் முன்னால் அறுக்கக் கூடாது. பிராம்பெல் குழு கூடுவதற்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முந்தி எழுதியது இது!

ஹக்கு என்ற சொல்லைக் கண்டதும் நாம் திகைத்துவிட்டோம். மகளிடம் உரிமையே கிடையாது என்று அல்லவா சொல்லியிருந்தோம்? ஆனால் இந்த ஹக்கு, ரீகன் சொல்லும் உரிமையும் அல்ல. அறுக்கப்படாமல் இருக்கும் உரிமை இதில் இல்லை. நன்றாக அறுக்கப்படும் உரிமை இருக்கிறது. அதே சமயம் நம் இஷ்டப்பட்ட தருமமும் அல்ல. கொடுக்க வேண்டிய கடன். கடனாளி தன் தயாள குணத்தைப் பற்றிப் பேச முடியாது. வோக்கிங் பள்ளிவாசலில் இமாமாக இருந்த இந்தியாவில் பிறந்த அல்ஹாபிஸ் மஸ்ரி அவர்களும் 1980களில் இது பற்றி நூல்கள் எழுதி, ஹலால் என்ற பெயரில் பண்ணைக் கொடுமையை மூடி மறைக்கலாகாது என்று வாதாடினார்கள்.

இப்போது அந்த லாரிக்கு வருவோம். இன்றைய கறிக்கோழி 35 நாளில் சுமார் இரண்டு கிலோ ஆகிறது. முட்டைக்கோழியின் கதி வேறு. ஐரோப்பாவில் முன்பு ஒரு கோழிக்குக் கூண்டில் 550 சதுர சென்டிமீட்டர் இடம் விட்டால் போதும். நாம் பில் அடிக்கும் ஏ4 தாள் சுமார் 624. அந்த வகைக் கூண்டுகளை அங்கே 2012 ஜனவரி முதல் தடுத்துவிட்டார்கள். கொஞ்சம் பெரிய கூண்டுக்கு இன்னும் அனுமதி உண்டு. நமது நாட்டில் விற்கும் முட்டைகளில் பெரும்பாலானவை கூண்டுக்கோழி முட்டைகளே.

நாம் விற்கும் கோழியில் ஹலால் முத்திரை இருக்கிறது. அறுப்பவர் யார், கத்தி எப்படி, மின்சாரத்தால் மயக்கினால் எவ்வளவு என்றெல்லாம் ஜாக்கிம் விதிகள் வகுத்திருக்கிறது. அதில் நமக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாம் கேட்பது வேறு. அறுக்கும் அந்த நிமிஷத்தின் மீது இவ்வளவு கவனம் வைக்கும் நாம், முந்திய 35 நாளைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் இருக்கலாமா? வேதத்தில் ஹலாலோடு தய்யிபும் சேர்ந்தல்லவா வருகிறது?

விலைதான் தடை என்பதை மறைக்க முடியாது. 2022 ஜூன் 1-ல் கோழி ஏற்றுமதியை அரசாங்கம் நிறுத்தியது. அதுவரை மாதம் 36 லட்சம் கோழிகள் வெளியே போய்க்கொண்டிருந்தன. கிலோ 9 வெள்ளி 40 காசு என்ற உச்ச விலையை வைத்து நாம் பட்ட பாடு மறக்காது. 2023 நவம்பர் 1-ல் கோழி விலைக் கட்டுப்பாடு நீங்கியது. 2025 ஆகஸ்டில் முட்டை மானியமும் நின்றுவிட்டது. ஏழையின் தட்டில் இருக்கும் ஒரே கறி கோழிதான். அவனிடம் போய்க் கூடுதல் விலை கொடு என்று சொல்வது நமக்கு எளிது. மகளின் சொல்லைக் கேட்டுத் திறந்தவெளியில் வளர்த்த கோழி முட்டையைப் பத்துத் தட்டு வாங்கி வைத்தோம். மூன்று தட்டுத்தான் போயிற்று. "தம்பி, முட்டை முட்டைதானே, இதுக்கு ஏன் இரட்டை விலை?" என்று வாடிக்கைக்கார அம்மா ஒருவர் கேட்டார். நமக்குப் பதில் வரவில்லை. மீதியை வீட்டில் தின்று தீர்த்தோம்.

ஆனாலும் செலவில்லாத காரியங்களும் இருக்கின்றன. கோழி அறுக்கும் இடத்தில், இனிமேல் கூடைக்கு இத்தனை கோழிதான் என்று எண்ணிக் கொடுத்தால் எடுப்போம் என்றோம். முதலில் சிரித்தார்கள். நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து சொன்னதும் கூடைக்கு இரண்டு குறைத்தார்கள்; வழியில் சாவது குறைந்ததால் அவர்களுக்கும் நஷ்டமில்லை என்று தெரிந்தது.

குர்பானி விஷயத்தில்தான் நமக்கு மிகவும் வெட்கம். பணம் கட்டி, பங்கு பிரித்து, பொட்டலம் போடுவதில் நாம் கெட்டிக்காரர்கள். ஆனால் முதல் நாளே வந்து இறங்கும் மாடுகளை வெயிலில் கட்டிப்போட்டு, ஒன்றை அறுப்பதை மற்றது பார்த்துக்கொண்டு நிற்க, பிள்ளைகள் போன் பிடித்துக்கொண்டு சுற்றி நிற்பதைப் பல இடங்களில் கண்டிருக்கிறோம். நாமே நின்றிருக்கிறோம். சென்ற தடவை நமது பகுதியில் நான்கு ஏற்பாடு செய்தோம். மாடு கட்டும் இடத்துக்கு மேலே கான்வாஸ் பந்தல். அறுக்கும் இடத்தைச் சுற்றி ஆள் உயரத் துணித்திரை. கத்தியைத் திரைக்குப் பின்னாலேயே தீட்டுவது. தண்ணீர் வைக்க இரண்டு பையன்கள். கான்வாஸும் துணியும் ஒரு சகோதரர் கடையிலிருந்து இரவல் வந்தன. வரும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வேறு பகுதிகளுக்கு வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லி அனுப்பினால் கொடுக்க அவர் தயாராக இருக்கிறார்.

மகள் வந்து பந்தலைப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு வாப்பா. ஆனா மாட்டைக் கேட்டா வேற மாதிரி சொல்லும்" என்றாள். தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு போனவளும் அவள்தான். கோழி இன்னும் தின்பதில்லை. அவள் உம்மா அவளுக்குத் தனியாகப் பருப்பு ஆக்கி வைக்கிறாள்.