கணக்கு ஊருக்குத் தெரியட்டும்

ஊராட்சிப் பணம் யாருடையது? தலைவருடையதா? அதிகாரியுடையதா? இல்லை. அது ஊர் மக்களின் பணம். அதற்குக் கணக்குக் கேட்க மக்களுக்கு உரிமை உண்டு. இப்படி நடந்த ஓர் ஊரின் கதையைப் படிப்போம்.

தமிழ்நாட்டில் சென்னைக்கு மேற்கே குத்தம்பாக்கம் என்ற ஊர் இருக்கிறது. முன்பு அங்கே சாராயமும் சாதிச் சண்டையும் மிகுதி. அந்த ஊரில் பிறந்தவர் இளங்கோ. படித்துப் பொறியாளர் ஆனார். அரசு நிறுவனத்தில் வேலை பார்த்தார். அதை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினார். 1996-ல் ஊராட்சித் தலைவர் ஆனார்.

ஊரில் கழிவுநீர் வாய்க்கால் கட்ட வேண்டியிருந்தது. பக்கத்துத் தொழிற்சாலைகளில் கிரானைட் கல் துண்டுகள் வீணாகக் கிடந்தன. அவற்றைக் கொண்டு வாய்க்கால் கட்டினார்கள். செலவு குறைந்தது. ஆனால், விதிப்படி கட்டவில்லை என்று புகார் வந்தது. இளங்கோவைப் பதவியிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

அவர் என்ன செய்தார்? கிராம சபைக்குப் போனார். நடந்ததை மக்கள் முன் வைத்தார். மக்கள் திரண்டு வந்து அவர் பக்கம் நின்றார்கள். பதவி திரும்பக் கிடைத்தது. 2001-லும் மக்கள் அவரையே தேர்ந்தெடுத்தார்கள்.

அதே ஊரில் சமத்துவபுரம் கட்டினார்கள். மொத்தம் 50 இரட்டை வீடுகள். ஒரு பாதியில் தலித் குடும்பம். மறு பாதியில் வேறு சாதிக் குடும்பம். நடுவில் ஒரே சுவர். ஊர் மண்ணிலேயே கல் செய்தார்கள். அதனால் ஊராருக்கு வேலையும் கிடைத்தது.

தலைவர் நேர்மையாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது. கணக்கு மக்களுக்குத் தெரிய வேண்டும். அப்போது பணமும் வீணாகாது. நல்ல தலைவர் மேல் வீண் பழியும் நிற்காது.

கிராம சபை என்பது என்ன? ஊராட்சியின் வாக்காளர் எல்லாரும் அதன் உறுப்பினர்கள். ஆண், பெண், ஏழை, பணக்காரர் எல்லாரும் அதில் சமம். அந்தமானிலும் 1994 முதல் இதற்குச் சட்டம் உண்டு. நம் டெலானிபூர் நகராட்சிக்குள் இருக்கிறது. அதனால் இங்கே கிராம சபை இல்லை. சாத்தமில் படகு ஏறினால் பேம்பூ பிளாட். அங்கே ஊராட்சி உண்டு. தமிழ்நாட்டில் உள்ள நம் சொந்த ஊர்களிலும் உண்டு. உறவினரிடம் கேளுங்கள்: "கிராம சபைக்குப் போகிறீர்களா?" இங்கே நாம் வார்டு உறுப்பினரிடம் கேட்கலாம்: "நம் தெருவுக்கு என்ன செலவு செய்தீர்கள்?"

கேட்பது சண்டை அல்ல. அது நம் கடமை.

புதிய சொற்கள்
ஊராட்சி – பஞ்சாயத்து
புகார் – குறை சொல்லுதல்
வாக்காளர் – ஓட்டுப் போடும் உரிமை உள்ளவர்

கேள்விகள்
1. வாய்க்கால் செலவு எப்படிக் குறைந்தது?
2. இளங்கோ ஏன் கிராம சபைக்குப் போனார்?
3. உங்கள் தெருவில் நடக்க வேண்டிய ஒரு வேலையை எழுதுங்கள். அதை யாரிடம் கேட்பீர்கள்?