இணையதள வடிவமைப்பு, பயன்பாடு – மதிப்பீடு: முக்கியக் குறிப்புகள்

வரையறை

• பயன்பாட்டுத்தன்மை: குறிப்பிட்ட பயனர், குறிப்பிட்ட சூழலில், குறிப்பிட்ட இலக்கை விளைவுத்திறன், செயல்திறன், மனநிறைவு ஆகியவற்றுடன் அடையும் அளவு. தரநிலை ஐஎஸ்ஓ 9241-11. முதல் பதிப்பு 1998, திருத்தம் 2018.
• விளைவுத்திறன் – பணி சரியாக முடிந்ததா. செயல்திறன் – எவ்வளவு நேரத்தில், எவ்வளவு உழைப்பில். இரண்டும் வேறு, அதிகம் குழம்பும் இடம்.
• அழகு இவ்வரையறையில் தனிக்கூறு அன்று.

முதன்மைகள்

• முதல் இணையதளம்: செர்ன் ஆய்வகம், டிம் பெர்னர்ஸ்-லீ, பொது அறிவிப்பு 1991 ஆகஸ்ட் 6. எழுத்தும் இணைப்பும் மட்டும்.
• எழுத்தோடு படத்தையும் ஒரே பக்கத்தில் காட்டிப் பரவலான உலாவி: மொசைக், 1993, மார்க் ஆண்ட்ரீசன், எரிக் பினா.
• சிஎஸ்எஸ் (பக்கத் தோற்றத்தை வரையறுக்கும் மொழி) முன்மொழிவு: ஹாகோன் வியம் லீ, 1994. இணையத் தரநிலை அமைப்பான டபிள்யூ3சியின் பரிந்துரையான ஆண்டு 1996.
• திரை அளவுக்கேற்ப மாறும் ரெஸ்பான்சிவ் வடிவமைப்பு, பெயரிட்டவர்: ஈத்தன் மார்கோட், 2010.

கிராஃபிக் டிசைன் தளங்கள்

• சிஎஸ்எஸ் ஜென் கார்டன்: டேவ் ஷே, கனடா, 2003 மே. உள்ளடக்கம் தாங்கும் எச்டிஎம்எல் கோப்பு ஒன்றே. வடிவமைப்பாளர் மாற்றத்தக்கது சிஎஸ்எஸ் கோப்பும் படங்களும் மட்டும். ஒரே உரை, நூற்றுக்கணக்கான தோற்றங்கள். உள்ளடக்கம் வேறு, தோற்றம் வேறு என்பதற்கு மிகச் சிறந்த சான்று. விரிவான விடையில் ஒரே எடுத்துக்காட்டுக்கு இடமெனில் இதுவே.
• பிஹான்ஸ், படைப்புகளைக் காட்சிப்படுத்தும் தளம்: ஸ்காட் பெல்ஸ்கி, மத்தியாஸ் கோரியா; அடோபி வசமானது 2012.
• ஃப்ளாஷ்: அசைவூட்டத் தளங்களின் பழைய அடித்தளம், அடோபி ஆதரவு நிறுத்தம் 2020 டிசம்பர் 31.
• அவார்ட்ஸ் விருதுத் தளம், 2009. மதிப்பெண் பங்கீடு: வடிவமைப்பு 40%, பயன்பாடு 30%, படைப்பாற்றல் 20%, உள்ளடக்கம் 10%. உள்ளடக்கத்துக்கு மிகக் குறைந்த பங்கு. விருதுக்குப் பொருந்தும், பொதுத்துறைத் தள மதிப்பீட்டுக்குப் பொருந்தாது.

அழகும் பயனும்

• மசாக்கி குரோசு, கவோரி காஷிமுரா, 1995, ஹிட்டாச்சி வடிவமைப்பு மையம்: ஏடிஎம் திரை அமைப்புகள் 26, பங்கேற்பாளர் 252. முடிவு: அழகான திரை, எளிய திரை போலத் தோன்றும்.
• கிட்டே லிண்ட்கார்ட் குழு, கார்ல்டன் பல்கலைக்கழகம், 2006: தோற்றம் பற்றிய முதல் கருத்து உருவாக 50 மில்லி விநாடி போதும்.
• பி.ஜே. ஃபாக் குழு, ஸ்டான்ஃபோர்டு, 2002: நம்பகத்தன்மை பற்றிய கருத்துரைகளில் 46.1% தோற்றத்தைச் சுட்டியவை.
• மூன்றிலிருந்தும் பெறப்படுவது: ‘பிடித்திருக்கிறதா’ என்ற வினாவின் விடை, பயன்பாட்டுக்குச் சான்று ஆகாது. பணி கொடுத்து, முடிகிறதா என நோக்குவதே சான்று.

மதிப்பீட்டு முறைகள்

• ஹியூரிஸ்டிக் மதிப்பீடு (வல்லுநர் விதிகளைக் கொண்டு ஆராய்தல்): யாக்கோப் நீல்சன், ரோல்ஃப் மோலிக், 1990. நீல்சனின் 10 விதிகள் 1994. மதிப்பீட்டாளர் 3 முதல் 5 வரை. குறையின் தீவிரம் 0–4; 4 = பேரிடர் நிலை.
• வல்லுநர் ஆய்வில் பயனர் இல்லை. பயனர் சோதனையில் வல்லுநர் தீர்ப்பு இல்லை, நோக்கல் மட்டும். ஒன்றுக்கு மற்றொன்று மாற்று அன்று.
• 5 பயனர் விதி: ஒருவர் சராசரியாக 31% குறைகளை வெளிக்கொணர்ந்தால் ஐவர் ஏறத்தாழ 85%. நீல்சன், தாமஸ் லாண்டவர், 1993.
• எஸ்யூஎஸ் அளவுகோல் (பயன்பாட்டுத்தன்மை பற்றிய பயனர் வினாத்தாள்): ஜான் புரூக், 1986. கூற்றுகள் 10, ஒவ்வொன்றுக்கும் 1–5.
• எஸ்யூஎஸ் கணக்கீடு: ஒற்றை எண் கூற்று – விடையிலிருந்து 1 கழித்தல், இரட்டை எண் கூற்று – 5இலிருந்து விடை கழித்தல், கூட்டுத்தொகை × 2.5. எல்லா விடையும் 3 எனில் 20 × 2.5 = 50.
• எஸ்யூஎஸ் வீச்சு 0–100. ஆனால் சதவீதம் அன்று. சராசரி 68, எனவே 50 என்பது ‘பாதி நன்று’ அன்று, சராசரிக்குக் கீழ்.
• காத்திருப்பு எல்லைகள்: 0.1 விநாடி – உடனடி உணர்வு. 1 விநாடி – சிந்தனை அறாமை. 10 விநாடி – கவனத்தின் எல்லை.
• ஃபிட்ஸ் விதி, 1954: இலக்கு பெரிதாகவும் அருகிலும் இருந்தால் தொடும் நேரம் குறைவு.

அணுகல்தன்மை

• டபிள்யூசிஏஜி (இணைய உள்ளடக்க அணுகல்தன்மை வழிகாட்டுதல்கள்) பதிப்புகள்: 1.0 – 1999, 2.0 – 2008, 2.1 – 2018, 2.2 – 2023.
• கொள்கைகள் 4: உணரத்தக்கது, இயக்கத்தக்கது, புரியத்தக்கது, உறுதியானது. நிலைகள் 3: ஏ, ஏஏ, ஏஏஏ.
• நிற வேறுபாட்டு விகிதம்: குறைந்தது 1:1, மிகுந்தது 21:1, வெள்ளையும் கறுப்பும்.
• ஏஏ நிலை: சாதாரண எழுத்து 4.5:1, பெரிய எழுத்து 3:1. ஏஏஏ: முறையே 7:1, 4.5:1.
• பெரிய எழுத்து: 18 புள்ளி, அல்லது தடித்த எழுத்தெனில் 14 புள்ளி.
• வெள்ளைப் பின்னணியில் 767676 சாம்பல் – 4.54:1, தேர்ச்சி. 777777 சாம்பல் – 4.48:1, தோல்வி. முழுமையாக்கி 4.5 எனக் கொள்ள விதியில் இடமில்லை. வெளிர் சாம்பல் எழுத்து நவீனத் தோற்றம் தரும் என்ற வாதமும் செல்லாது; பார்வைக் குறையுடையோருக்கு அது வெற்றுப் பக்கம்.
• இந்திய அரசுத் தளங்களுக்கான வழிகாட்டி: ஜிஐஜிடபிள்யூ, முதல் பதிப்பு 2009, பதிப்பு 3.0 – 2023.

வேகம்

• கூகுளின் கோர் வெப் வைட்டல்ஸ், 2020. அளவுகள் 3.
• எல்சிபி, முதன்மை உள்ளடக்கம் தோன்றும் நேரம்: 2.5 விநாடிக்குள்.
• சிஎல்எஸ், பக்கக் கூறுகள் இடம்பெயர்தல்: 0.1க்குள், அலகு இல்லை.
• ஐஎன்பி, தொடுதலுக்குப் பதில்: 200 மில்லி விநாடிக்குள். எஃப்ஐடி (முதல் உள்ளீட்டுத் தாமதம்) அளவுக்கு மாற்றாக 2024 மார்ச் 12 முதல். பழைய நூல்களில் இன்னும் எஃப்ஐடி.